துண்டு விழட்டும், அப்புறம் பாருங்க!

துண்டை இன்னும் வீசவில்லை. இப்போதுதான் பொழுது வெளுக்கிறது. அரிமளம் பக்கத்துக் கண்மாய்க் கரையில் அதற்குள் கால் வைக்க இடமில்லை. மடித்துக் கட்டிய கைலி, இடுப்பில் சாக்குப்பை, தோளில் ஊத்தா என்கிற மூங்கில் கூடு என்று ஒரு கூட்டம். கையில் கச்சாவலை வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பழைய கொசுவலையைச் சுருட்டி வைத்திருக்கும் பெண்கள் படித்துறையை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். எல்லார் கண்ணும் மடைக்கு அருகில் நிற்கும் ஒரே ஒரு பெரியவரின் தோளில்தான். அவர் துண்டை வீசினால்தான் இறங்கலாம். அந்தத் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டு காற்றில் லேசாக ஆடினாலே முன்வரிசை ஓரடி நகர்ந்துவிடுகிறது!

மீன்பிடித் திருவிழா என்று பேப்பரில் வருமே, தண்ணீர் தெறிக்க ஊரே ஓடுகிற படம், அது இதற்கு அடுத்த நிமிடம் எடுப்பது. எனக்கு அந்தப் படத்தைவிட அதற்கு முன்னால் நடப்பதில்தான் ஆசை. எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை காவல், எத்தனை கைவேலை சேர்ந்து அந்த ஒரு நிமிடம் வருகிறது தெரியுமா?

முதலில் நாள் குறிப்பது. புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். நெல்லுக்குப் பாய்ந்து, அறுப்பு முடிந்து, பங்குனி சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றி, இடுப்பளவோ முழங்காலளவோ நிற்கும்போது ஊர் கூடிப் பேசும். ரொம்பச் சீக்கிரம் என்றால் தண்ணீர் ஆழம், மீன் கைக்கு வராது. ரொம்பத் தள்ளிப்போட்டால் சூட்டில் மீன் செத்து மிதக்கும். அந்த நடுவாந்தரமான சில நாட்களைத் தண்ணீரின் நிறத்தையும் கொக்குகள் இறங்குகிற இடத்தையும் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். நாள் குறித்தாகிவிட்டால், முன்பு தமுக்கு அடித்தார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போதும். “நம்ம கண்மாய் அழியுது, எல்லாரும் வந்துருங்கப்பா!” திருமயம், காரைக்குடி பக்கமெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்தி போய்விடும்.

அழிகண்மாய் என்றால் யாரும் இறங்கலாம், பிடித்தது பிடித்தவருக்கு. எல்லாக் கண்மாயும் இப்படி இல்லை. பலவற்றில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போகும். குத்தகைக்காரர் குஞ்சு விட்டு, வளர்த்து, இழுவலை போட்டு எடுத்துவிடுவார். அந்த வழக்கமும் பழசுதான். மீன் குத்தகைப் பணத்தைப் பாசிப்பாட்டம் என்று பழைய கல்வெட்டுகளே பேசுகின்றன. சில ஊர்களில் வெளியூர் ஊத்தாவுக்கு ஒரு தொகை வாங்குவதும் உண்டு. ஏலம் விட்டால் பொதுக்காரியத்துக்குக் காசு வரும். ஊர் கூடி இறங்கினால் எல்லார் வீட்டுச் சட்டியிலும் மீன் கொதிக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதுக்குத்தான் கை தூக்குவேன்.

அப்புறம் ஊத்தா. இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்! மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, சீவி, வட்டமாக நிறுத்திக் கயிற்றால் வரிசை வரிசையாகப் பின்னுகிறார்கள். அடி அகலம், தலை குறுகல். மேல்வாயில் கை நுழைய வேண்டும், மீன் துள்ளி வெளியே வரக்கூடாது. அதுதான் அளவு. சிம்புக்குச் சிம்பு விரல் இடைவெளி. சேறு போகும், விரால் போகாது. கீழ்முனைகளைக் கூர்மையாகச் சீவியிருப்பார்கள். அப்போதுதான் ஓங்கிக் குத்தினதும் சேற்றில் இறங்கி நிற்கும். அப்பா குத்திய ஊத்தாவுக்குக் கயிறு மாற்றி மகன் கொண்டுவந்திருப்பதைக் கரையில் எத்தனையோ பார்க்கலாம். கைபட்டுக் கைபட்டு மேல்வாய் விளிம்பு எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னுகிறது.

கருவி மட்டும் போதாது, மீன் நிற்கும் இடமும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து டெஷூட்ஸ் ஆறு வறண்ட நிலத்தின் நடுவே ஓடுகிறது. அங்கே வழிகாட்டியோடு படகில் மிதந்து போய், இறகிலும் நூலிலும் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி டிரவுட் மீன் பிடிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் படகில் இருந்தபடி தூண்டில் வீசக்கூடாது. படகைவிட்டு இறங்கித்தான் வீச வேண்டும். எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று காதில் சொல்லித் தருவதுதான் வழிகாட்டியின் வேலை. நம் கண்மாயிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், சம்பளம் மட்டும் கிடையாது! “மாப்ள, நடுவுல ஓடாத. மடைப்பள்ளத்துக்கு வா. வெயிலுக்கு விரா அங்கனதான் படுத்துருக்கும்” என்று பக்கத்துப் பையனின் தோளை அழுத்திச் சொன்னார் ஒரு சித்தப்பா. “கோரைப்புல்லு ஓரத்துல குரவை கிடக்கும், அத சின்னப்புள்ளைகளுக்கு விட்டுரு.”

சாமி கும்பிட்டாகிவிட்டது. சூடம் அணைந்தது. பெரியவர் துண்டை எடுத்தார்...

விழுந்தது! ஹோவென்று ஒரு சத்தம்! கரை அப்படியே சரிந்து தண்ணீருக்குள் போனது என்றுதான் சொல்ல வேண்டும். சடசடவென்று நூற்றுக்கணக்கான ஊத்தாக்கள் ஒரே நேரத்தில் குத்துகின்றன.

இத்தனை பேரும் ஒரே நொடியில் இறங்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு கறார்? ராத்திரி முழுக்கக் காவல் போட்டு, ஒருவரையும் முன்னால் இறங்கவிடாமல் ஏன் காப்பாற்றினார்கள்? விஷயம் காலடியில் இருக்கிறது. ஒருவர் இறங்கினால் மீன் ஒதுங்கிப் போய்விடும். ஊரே இறங்கினால் ஒதுங்க இடம் ஏது? அடிச்சேறு மொத்தமும் கலங்கி மேலே வரும், செவுளில் சேறு அடைக்கும், மூச்சு முட்டும். கெண்டை, கட்லா, ரோகு எல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேல்மட்டத்துக்கு வந்துவிடும். வலையும் கச்சாவும் அள்ளுவது அப்போதுதான். வலை இல்லாதவர் மிதித்த மிதியும் சேர்ந்துதான் வலைக்காரருக்கு மீன் விழுகிறது. கூட்டம்தான் இங்கே முதல் கருவி!

விரால் மட்டும் இதற்கு மசியாது. அதற்குச் செவுளோடு, காற்றை நேராகச் சுவாசிக்கவும் ஓர் உறுப்பு உண்டு. தண்ணீர் கலங்கினால் சேற்றுக்குள் தலையைப் புதைத்துப் படுத்துவிடும், அவ்வப்போது மேலே வந்து ஒரு மடக்குக் காற்று குடித்துவிட்டுத் திரும்பும். அந்தக் குமிழி வந்த இடத்தில் குத்துவதற்குத்தான் ஊத்தா! குத்தியதும் அசையாமல் நிற்கிறார்கள். உள்ளே இருந்தால் சிம்பில் ‘டக்’கென்று முட்டும். அந்த முட்டு உள்ளங்கை வரைக்கும் வருகிறது; சித்தப்பா என் கையைப் பிடித்துத் தன் ஊத்தா மேல் வைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு மேல்வாய் வழியாகத் தோள் வரை கையை விட்டு, தலையைத் தடவிக் கண்டுபிடித்து, செவுளில் பெருவிரலைக் கொடுத்துத் தூக்குகிறார். முழங்கை நீள விரால், கருகருவென்று, வாலை அடித்துக்கொண்டு வருகிறது! கரையிலிருந்து விசில்! கெளுத்தி என்றால் இந்த வித்தை செல்லாது. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். குத்தினால் நாள் முழுக்கக் கடுக்கும்.

ஜிலேபி மீன்தான் எண்ணிக்கையில் அதிகம். 1952இல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. வாய்க்குள்ளேயே முட்டையை அடைகாத்து எங்கும் பெருகிவிட்டது. கட்லாவும் ரோகுவும் வடக்கத்தி ஆற்று மீன்கள். ஓடும் தண்ணீரில் முட்டையிடுபவை என்பதால் கண்மாயில் குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு. விரால், குரவை, அயிரை இவைதான் மண்ணின் மக்கள். எவ்வளவு பிடித்தாலும் சேற்றிலும் பள்ளத்திலும் கொஞ்சம் மிஞ்சி, புதுத்தண்ணீர் வந்ததும் தாமே பெருகிக்கொள்ளும்.

புதுத்தண்ணீர் வர வேண்டுமே! கண்மாய்க்கு வருகிற வரத்துவாரிகளைத் தைலமரக் காடுகளின் வரப்புகள் மறிக்கின்றன என்று அரிமளம் பகுதி விவசாயிகள் வெகுகாலமாகக் குரல் கொடுக்கிறார்கள். இந்தக் கரையில் ஒரு காலை நின்றவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். வாரி அடைபட்டால் நெல் மட்டும் இல்லை, விராலும் இல்லை, இந்தச் சத்தமும் இல்லை.

வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கரை ஏறுபவர்கள் தலையிலிருந்து கால்வரை சேறு, பல் மட்டும் வெள்ளை. பை நிரம்பியவர்கள், ஒன்றும் அகப்படாதவர்களைப் பார்த்தால் இரண்டு ஜிலேபியை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். “வெறுங்கையோட போகக்கூடாதுல்ல” என்றார் ஒருவர். விற்க யாரும் உட்காரவில்லை.

அடுத்த காட்சி அடுப்படியில். விராலின் வழவழப்பு போகச் சாம்பலும் கல் உப்பும் போட்டுக் கருங்கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார் ஓர் அப்பத்தா. பக்கத்து வட்டியில் அயிரை உயிரோடு நெளிகிறது. அதில் தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கிறார், வயிற்றுச் சேற்றைக் கக்கட்டும் என்று. புளி கரைத்தாகிவிட்டது. மாங்காய் கீறிப் போட வேண்டும். தெரு முழுக்க மசாலா அரைக்கிற சத்தம், எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல்:

“ஆத்தா, உங்க வீட்டுல விரா எத்தன?”

“ரெண்டு! நீ சோத்த வடிச்சுட்டு இங்கிட்டு வா!”