கோர்தோபா: தூண்களின் காடு

785-86இல் கோர்தோபாவின் அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கிய பள்ளிவாசலின் மிகப் பழைய பகுதி இது. அருகருகே உள்ள இரண்டு தூண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம் வேறு, உச்சிச் செதுக்கல் வேறு. பல தூண்கள் பழைய ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து வந்தவை. உயரம் போதாததால் வளைவின்மேல் வளைவு ஏற்றிக் கூரையை உயர்த்தினார்கள். சிவப்புச் செங்கல்லும் வெளிர் கல்லும் மாறிமாறி வரும் அந்த இரட்டை வளைவுகள்தான் இக்கூடத்தின் உயிர். பின்வந்தவர்கள் மூன்று முறை விரிவாக்கியபோதும் அந்த வளைவு முறையைக் கைவிடவில்லை.

1236இல் கிறித்தவ மன்னர் மூன்றாம் ஃபெர்னாண்டோ நகரைக் கைப்பற்றியதும் இப்பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. 1523இல், நகர மன்றம் கடுமையாக எதிர்த்தும், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அனுமதியோடு நடுவிலிருந்த தூண்களை அகற்றிப் பேராலயம் எழுப்பத் தொடங்கினார்கள். அந்த இழப்பு இன்றும் வலிக்கிறது. எஞ்சிய தூண்கள் 850க்கும் மேல். இங்கே இப்போதும் திருப்பலி நடைபெறுகிறது. குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.