வீட்டைத் தூக்கும் மண்

செந்துறைப் பக்கம் செம்மண்ணில் முந்திரி நிற்கும். அரியலூர், பெரம்பலூர்க் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும். சித்திரையில் இந்தக் கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். அதன்மேல் கட்டிய வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு விரிசல் கிளம்பும். பழி கொத்தனார் தலையில்.

மண்ணின் குணமறிய எளிய சோதனை உண்டு. உலர்த்திச் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக்குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. கரிசலாக இருந்தால் தண்ணீரில் பொங்கி நிற்கும். காரணம் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம். அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து அவற்றை விலக்குகிறது.

மண் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்கிட, நீர் நிறைந்த மண்ணுக்குப் பொறியாளர் டெர்சாகி 1920களிலேயே வழி சொல்லிவிட்டார். அரைகுறை ஈரம்தான் சிக்கல். அப்போது நுண்துளை நீர் மண்துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. இந்த உறிஞ்சுவிசையால் மண் இறுகுகிறது. பார்சிலோனா ஆய்வாளர்கள் அலோன்சோ, ஜென்ஸ், ஹோசா மூவரும் 1990இல் வெளியிட்ட மாதிரி, எடையோடு உறிஞ்சுவிசையையும் தனிக் கணக்காக எடுத்துக்கொண்டது. காய்ந்த மண் நனையும்போது, மேலே எடை குறைவென்றால் உப்பும். எடை மிகுந்தால் அமுங்கவும் கூடும். கரிசலில் மாடிக் கட்டடத்தைவிட ஒற்றைத்தள வீடு அதிகம் அவதிப்படுவது இதனால்தான்.

வெயில் ஈரத்தை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. நீர் நிறைந்த இளகிய களிமண்ணை மெல்லச் சூடாக்கினால் அது நீரைக் கக்கிச் சுருங்கும். ஆறிய பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. சூடு கக்கும் அணுக்கழிவைச் சுற்றிப் பொதிய நினைக்கும் பென்டோனைட்டும் மான்ட்மோரில்லோனைட் நிறைந்த களிமண்தான். அதனால் சுவிட்சர்லாந்தின் கிரிம்செல் சுரங்கத்தில் 1997 முதல் 2015 வரை 100 டிகிரி சூட்டில் அதை வைத்துப் பார்த்து, கணக்குகளைச் சரிபார்த்தார்கள்.

நம் வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் பரப்பிய, அடியில் குடம்போல் அகன்ற கான்கிரீட் தூண், பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழத்தில் ஊன்றி நிற்கும். மேல்மண் உப்பினாலும் குடம் பிடியை விடாது. சுவரை ஒட்டி மரம் வைக்காமல், கூரைத்தண்ணீரைத் தள்ளி விழச்செய்தால் பாதித் தொல்லை தீரும்.