பன்னீர் திராட்சைச் சாறும் நொதித் தடுப்பும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகையைச் சேர்ந்தது. 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையொட்டி வந்த செய்திகளில் ‘எதிர் ஆக்சிஜனேற்றிகள் நிறைந்த பழம்’ என்ற விளக்கமும் இடம்பெற்றது. இது உண்மைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு, சர்க்கரை நோயாளிகள் இப்பழத்தை அளவின்றி உண்ணலாம் என்று சிலர் நம்புவதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தாவரச் சாற்றின் எதிர் ஆக்சிஜனேற்றத் திறனை அறியப் பெரும்பாலும் டிபிபிஹெச் சோதனை செய்கிறார்கள். டிபிபிஹெச் என்பது ஊதா நிறமுடைய, நிலையான ஒரு தனி உறுப்பு. சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் அதற்கு ஹைட்ரஜனைக் கொடுக்கும்போது ஊதா மங்கி மஞ்சளாகும். நிறம் எவ்வளவு குறைந்தது என்பதை 517 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கலாம். பாதி தனி உறுப்புகளை நீக்கத் தேவைப்படும் செறிவே ஐசி50. இந்த எண் குறையக் குறையத் திறன் கூடும். மாணவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

திராட்சையின் பாலிஃபீனால்களில் பெரும்பகுதி விதையில் உள்ளது. அடுத்தது தோல், அதன் கருநீல நிறம் ஆந்தோசயனின்களால் வருவது. சதையில் மிகக் குறைவு. நாமோ விதையைத் துப்பிவிடுகிறோம்! விழுங்கினாலும் அது பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். எனவே அரைத்த விதையை எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றின் அளவீடு, தட்டில் இருக்கும் பழத்துக்கு அப்படியே பொருந்தாது. சோதனைக் குழாய் அளவீடுகள் உடலில் நிகழும் விளைவைக் காட்டுவதில்லை என்பதால், உணவுகளின் எதிர் ஆக்சிஜனேற்றத் திறன் பட்டியலை அமெரிக்க வேளாண்துறை 2012-இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது.

இனி நொதித் தடுப்பு. நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கும் கடைசி வேலையைச் சிறுகுடலின் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதிகள் செய்கின்றன. இவற்றைத் தடுத்தால் உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகள் இவ்வாறே வேலை செய்கின்றன. திராட்சை விதை, தோல் ஆகியவற்றின் சாறுகளும் ஆய்வகத்தில் இந்நொதியைத் தடுக்கின்றன. ‘அகார்போஸைவிடச் சிறந்தது’ என்று ஏதேனும் ஒரு சாற்றைப் பற்றிப் படித்தால், எந்த நொதியில் சோதித்தார்கள் என்று பாருங்கள். பல ஆய்வுகளில் பயன்படுவது ஈஸ்ட்டிலிருந்து எடுத்த நொதி. அகார்போஸ் அந்த நொதியின் மேல் வலுவாகச் செயல்படுவதில்லை. பாலூட்டிகளின் குடல் நொதியில்தான் அதன் உண்மையான திறன் தெரியும். ஆகவே அந்த ஒப்பீட்டை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

முக்கியமான இன்னொன்றும் உண்டு. திராட்சையின் இனிப்பு பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். இவை ஏற்கெனவே எளிய சர்க்கரைகள். உடைக்க ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் தேவையில்லை. நொதியை எவ்வளவு தடுத்தாலும் திராட்சையின் சர்க்கரை இரத்தத்தில் சேர்வது நிற்காது. இதே காரணத்தால்தான், இன்சுலினுடன் அகார்போஸும் எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால், வீட்டுச் சர்க்கரையைத் தராமல் குளுக்கோஸையே தரச் சொல்கிறார்கள்.