மண்டப வாடகையா, கல்யாணச் செலவா?

செங்கற்பட்டு ஜில்லாவில், மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது திருவிடந்தை. நித்ய கல்யாணப் பெருமாள் குடிகொண்ட ஸ்தலம். வரன் கூடி வரவில்லையே என்று ஏங்கும் குடும்பங்கள் மாலையும் கையுமாகப் பிராகாரத்தைச் சுற்றி வருவதை இன்றும் பார்க்கலாம்.

2018 ஏப்ரலில் அந்த ஊரில் வேறொரு கூட்டம் கூடியது. 11 முதல் 14-ந் தேதி வரை மத்திய சர்க்காரின் ராணுவத் தளவாடக் கண்காட்சி! டாங்கிகளையும் பீரங்கிகளையும் பார்க்கிறவர்களுக்கு, "இதெல்லாம் என்ன விலை இருக்கும்?" என்று கேட்கத் தோன்றாமல் இருக்குமா?

சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்த வருஷம் டில்லிப் பார்லிமெண்டையே அமளிப்படுத்திய கேள்வியும் அதுதான்!

விஷயம் ரஃபேல் போர் விமானம். 36 விமானங்கள் வாங்க 2016 செப்டம்பரில் பிரான்ஸுடன் ஒப்பந்தமாயிற்று. மொத்தம் சுமார் 59,000 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த நவம்பரிலேயே, விமானம் ஒன்று சுமார் 670 கோடி என்று பார்லிமெண்டில் சர்க்கார் பதில் சொல்லிற்று. 59,000-ஐ 36-ஆல் வகுத்துப் பாருங்கள். 1,600 கோடிக்கு மேல் வருகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. 670 கோடி என்பது வெறும் விமானம். ஆயுதங்கள், நம் நாட்டுக்கென்று சேர்த்த கருவிகள், பராமரிப்பு எல்லாம் அதற்கு வெளியே. "கல்யாணத்துக்கு எவ்வளவு ஆயிற்று, மாமி?" என்று கேட்டால் மண்டப வாடகையை மட்டும் சொல்வது போல! சொன்னது பொய்யில்லை. ஆனால் சமையல், ஜவுளி, மேளம் எல்லாம் எங்கே போயிற்று?

முழு விவரம் கேட்டபோது, 2008-ல் பிரான்ஸுடன் செய்துகொண்ட ரகசிய உடன்படிக்கை குறுக்கே நிற்கிறது என்றது சர்க்கார். 2019 பிப்ரவரியில் தணிக்கை அறிக்கை பார்லிமெண்டுக்கு வந்தது. பழைய பேரத்தைவிட 2.86 சதவிகிதம் மலிவு என்று அது சொல்லிற்று. எந்த விலையிலிருந்து எந்த விலைக்கு என்ற தொகைகளோ மறைக்கப்பட்டிருந்தன!

இன்னொரு கணக்கு. 2022-ல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் கப்பலுக்குச் சுமார் 20,000 கோடி. விமானம் தாங்கிக் கப்பல்தான். ஆனால் விமானங்களின் விலை அதில் சேரவில்லை. கடற்படைக்கு 26 ரஃபேல் விமானங்கள் வாங்க 2025 ஏப்ரலில் தனி ஒப்பந்தம். ஆயுதம், பயிற்சி, பராமரிப்பு உள்படச் சுமார் 63,000 கோடி. மண்டபத்தைப் போல மூன்று மடங்கு விருந்துச் செலவு!

எதிரிக்குத் தெரியக்கூடாத விஷயங்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஏவுகணை எத்தனை தூரம் பாயும் என்று நாம் கேட்கவில்லை. சோப்புக் கட்டி வாங்கும்போதுகூட வரி கொடுக்கிறோமே, அந்தப் பணத்துக்குத்தான் கணக்குக் கேட்கிறோம். அடுத்த முறை பத்திரிகையில் கோடிக் கணக்கில் ஒரு தொகையைப் பார்த்தால், சகோதரிகளே, மலைத்துப் போகாதீர்கள். ஜவுளிக் கடையிலும் பாத்திரக் கடையிலும் கேட்கிற அதே கேள்வியைக் கேளுங்கள்: "இதில் எது எது சேர்த்தி?"