மீசான் கல்லில் இலைக்கன்: வாவி உப்பும் ஈயமும்

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து மையவாடிகளில் பழைய மீசான் கற்களைப் பார்த்தால் சாம்பலும் மஞ்சளுமாக வட்டம் வட்டமாய் ஏதோ ஒட்டியிருக்கும். "பாசி புடிச்சிருக்கு, சுரண்டிப் போடுங்க" என்பார்கள். அது வெறும் பாசியல்ல. பங்கசும் அல்காவும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் இலைக்கன் அது. தென்னையிலும் மாமரத்திலும் இதன் இனத்தார் உண்டு.

இலைக்கனுக்கு வேரில்லை. மழையும் பனியும் தூசும் கொண்டுவருவதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சும். நல்லதும் கெட்டதும் ஒரே வாசலால்தான் நுழைகின்றன. அதனால்தான் நகரக் காற்றிலுள்ள உலோகங்களை அறிய, லக்னோ தேசிய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் 'பைக்சின் கொக்கோஸ்' என்ற இலைக்கனைப் பயன்படுத்தினார்கள். நாமும் அப்படிச் செய்யலாமே என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. செய்யலாம். ஆனால் வாவிக்கரையில் வரும் எண்ணை அப்படியே நம்ப ஏலாது.

காரணம் உப்பு. பங்கசின் கலச்சுவரில் மறையேற்றம் கொண்ட இடங்கள் நிறைய உண்டு. நேரேற்றம் கொண்ட உலோகங்கள் அங்கே வந்து அமரும். வலீமா வீட்டுச் சகன் மாதிரித்தான்: ஆறு பேர் அமர்ந்த பிறகு ஏழாமவருக்கு இடமில்லை. ஒரு லீற்றர் கடல் நீரில் மக்னீசியம் ஏறக்குறைய 1.3 கிராம், கல்சியம் 0.4 கிராம். வாடைக் காற்றோடு அந்த உப்பு வந்து படிந்தால் சகன் முன்னமே நிறைந்துவிடும். கட்மியம், நாகம், மங்கனீசு போன்றவை காத்து நிற்க வேண்டியதுதான். ஈயம் மட்டும் கொஞ்சம் முரடு. அமர்ந்தவரையே எழுப்பிவிட்டு உட்காரும். ஆனாலும் போட்டி கடுமையென்றால் அதற்கும் இடம் குறையும்.

இதில் இலைக்கனுக்கு நன்மையும் உண்டு. ஜேர்மனியின் ஹார்ஸ் மலைக்காடுகளில் மங்கனீசு மிகுதியால் ஓர் இலைக்கன் குறைவதை மார்க்குஸ் ஹவுக் குழுவினர் 2000களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். கல்சியமோ மக்னீசியமோ சேர்த்தபோது மங்கனீசின் நஞ்சு தணிந்தது. போசணை இங்கே கேடயமாகிறது.

கேடயம் உடைந்து உலோகம் உள்ளே போய்விட்டதா என்று அறிய ஒரு வழி, பொற்றாசியம். கல மென்சவ்வு கிழிந்தால் உள்ளிருக்கும் பொற்றாசியம் வெளியே கசியும். இலைக்கனைத் தூய நீரில் ஊறவைத்து அதை அளக்கலாம். எங்கட பகுதியில் இதிலும் ஒரு சிக்கல்: உப்பு மிஞ்சினால் உப்பே அந்தக் கசிவை உண்டாக்கிவிடும்.

இதெல்லாம் ஏன் முக்கியம்? இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. ஆனாலும் பழைய பற்றரியை உடைத்து, வலைக்குக் குண்டு வார்க்க ஈயம் உருக்கினால் புகை வரும். குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாவிக்கரை இலைக்கனில் ஈயம் குறைவு என்ற ஒரு தாளைக் காட்டி, "காத்து சுத்தமாத்தான் இருக்கு" என்று யாராவது சொல்லிவிடக் கூடாது.

ஆகவே அளப்பவர்கள் ஈயத்தோடு கல்சியம், மக்னீசியம், சோடியம் மூன்றையும் அளக்க வேண்டும். வாவியோர மரத்தை இன்னொரு வாவியோர மரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பொலன்னறுவை மரத்தோடு அல்ல. கச்சான் காலத்தில் ஒருமுறை, மாரி மழைக்குப் பின் ஒருமுறை எடுப்பது நல்லது. மீசான் கல்லை விட்டுவிடுங்கள். அதில் அடித்த சுண்ணாம்பே கல்சியம்தான். மரப்பட்டையில் இருப்பதை எடுத்தால் போதும்.