அறுபதில் ஒரு பங்கு

நோயுற்றோரைச் சந்திப்பதை யூதர்கள் 'பிக்கூர் ஹோலிம்' என்பர். சந்திக்கச் செல்பவர் நோயாளரின் துன்பத்தில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறார் என்கிறது தல்மூத். அப்படியானால் அறுபது பேர் சென்றால் நோய் தீருமா? தீராது. ஒவ்வொருவரும் எடுப்பது மீதமிருப்பதில் அறுபதில் ஒரு பங்கையே என்று அந்நூலே விளக்குகிறது. மனநோய்க்கு இது எத்துணைப் பொருத்தம்! மருத்துவமனைக்குப் பழம் வாங்கிச் செல்லும் நாம், மனம் சோர்ந்தவர் வீட்டு வாசலை ஏனோ தவிர்க்கிறோம்.

நியூயார்க்கில் இரு யூத அமைப்புகள் 1978இல் இணைந்து உருவான 'ஜூயிஷ் போர்டு', எல்லாச் சமயத்தவருக்கும் மனநலப் பணியாற்றுகிறது. சிகிச்சை தருவது பயிற்சி பெற்றவர்களின் பொறுப்பு. இத்தகைய பணியில் தன்னார்வலராக நாம் செய்யக்கூடியது குறித்த நாளில் தவறாமல் வருவது, உடன் அமர்வது, கேட்பது. அறிவுரை வேண்டாம். நம் வருகைக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பது நமது தனிமையையும் குறைக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்வதுபற்றி அவர் பேசினால் மட்டும், இரகசியம் என்று மறைக்காமல் உடனே பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும்.