பதுவாவின் உடற்கூறு அரங்கம்

இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகம் 1222-இல் தோன்றியது. அங்கே மருத்துவம் படித்தவர்கள் ஏட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. மூலிகைகளை நேரில் அறிய 1545-இல் தோட்டமே போட்டார்கள். அது இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

1595-இல் உடற்கூறு அரங்கம் எழுந்தது. ஆறு அடுக்கு மர மாடங்கள், அடியில் ஒரு மேசை. உடலை அறுத்து விளக்கும் பாடத்தை மாணவர்கள் மாடங்களில் நின்றபடியே பார்ப்பார்கள். அதை அமைக்கச் செய்த பேராசிரியர் ஃபாப்ரீசியஸ், சிரைகளுக்குள் சிறு வால்வுகள் இருப்பதை விளக்கிக் காட்டினார். அவை எதற்காக என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அவரிடம் பயின்று 1602-இல் பட்டம் பெற்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்விக்குப் பிடிபட்டது. அந்த வால்வுகள் ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன! எவ்வளவு பெரிய திறப்பு அது! ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பதை 1628-இல் அவர் நூலாக வெளியிட்டார்.

பதுவா செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், அந்த அரங்கத்தைப் பார்க்கத் தவறாதீர்கள்.